ஆள் இருக்கிற கதிரை

அத்தியாயம் 3

எங்கள் தொழிலில் காணாமல் போகிற பொருட்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலிடம் சைக்கிளுக்கு. அடுத்தது ஆடு. அதற்கடுத்தது மாப்பிள்ளை. புத்தகம் காணாமல் போய்விட்டதென்று அந்த வெள்ளிக்கிழமை வரை ஒருவரும் எங்கள் படியேறி வந்ததில்லை. வவுனியாச் சந்தையில் ஒரு மூட்டை புத்தகத்தைக் காவலில்லாமல் விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். திரும்பி வரும்போது இரண்டு மூட்டையாக இருக்கும்.

எங்கள் என்றால் இரண்டு பேர். இராசமலர் அக்கா, காப்புறுதிக் கம்பனியொன்றில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்து அலுத்துப்போய், தையல்கடைக்கு மேலே ஒற்றை அறை எடுத்துத் துப்பறிகிறவர். நான் பாஹிம். அக்காவுக்கு ஓட்டோவும் நான்தான், தேத்தண்ணியும் நான்தான், வாயும் நான்தான். மூளை மட்டும் அவருடையது என்று அவர் சொல்வார்.

ஜும்மா முடிந்து நான் வந்து சேர்ந்தபோது அக்காவின் முன்னால் ஒரு பிள்ளை இருந்தாள். முக்காடு, மடியில் நாலைந்து கொப்பி, அழுது முடித்துவிட்டு வந்த முகம். பெயர் றிஸ்பா. பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம். எந்த வளாகம் என்று நான் சொல்லப்போவதில்லை, அது அக்காவின் கட்டளை.

“திங்கட்கிழமை சோதினை அக்கா. அனுமதி அட்டை எல்லாருக்கும் குடுத்தாச்சு. எனக்கு மட்டும் நூலகர் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு நிக்கிறார். புத்தகம் வந்தால்தான் அட்டையாம்.”

“என்ன புத்தகம்?” என்றார் அக்கா.

“புள்ளிவிபரவியல். இங்கிலீசுப் புத்தகம். வளாகத்துக்கே ஒண்டுதான் இருக்கு. பின்னேரம் எடுத்தால் அடுத்த நாள் காலமை திருப்பிக் குடுக்கோணும். நான் எடுத்தனான், குடுத்தனான்.”

“ஆரிட்டக் குடுத்தனீங்கள்?”

பிள்ளை குனிந்தாள். “கவுண்டரில ஆள் இல்லை. பழனியாண்டி அண்ணை தேத்தண்ணிக்குப் போயிட்டார். எனக்கு லெக்சருக்கு நேரம் போட்டுது. மேசையில வைச்சிட்டு ஓடினனான். பின்னேரம் வந்து கேட்டால், புத்தகம் வரவே இல்லை எண்டினம். இண்டைக்கு மூண்டு கிழமையாப் போச்சு.”

“அப்ப முதல் சந்தேக நபர் மேசை,” என்றேன் நான்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“இந்தச் சோதினையை விட்டால் அடுத்த வருசம் எழுதலாம்தானே?” என்று கேட்டார் அக்கா. தெரியாமல் கேட்கவில்லை. பிள்ளைக்கு எது உயிர்போகிற விஷயம் என்று அவர் எப்போதும் முதலே கேட்டு வைத்துக்கொள்வார்.

“வாப்பா முல்லைத்தீவில நிக்கிறார், இடிஞ்ச வீட்டுக்குக் கூரை போட. உம்மா இன்னும் புத்தளத்தில. அடுத்த வருசம் பாதை திறந்திருக்குமோ பூட்டியிருக்குமோ எண்டு ஆருக்குத் தெரியும் அக்கா. எனக்கு இந்த வருசம்தான் நிச்சயம்.”

சமாதான காலம் என்று நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தாலும், ஒருவரும் எதையும் அடுத்த வருடத்துக்கு என்று ஒத்திவைப்பதில்லை.

அக்கா அவளுடைய மடியிலிருந்த கொப்பி ஒன்றை எடுத்துப் பார்த்தார். பழைய கலண்டர்த் தாளில், வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய, மூலைகள் மடிந்து, இஸ்திரி போட்டதுபோல ஓர் உறை.

“உறை நல்ல வடிவாப் போட்டிருக்கிறியள்.”

“உம்மா பழக்கினது. புத்தளத்து அகதி முகாமில கூரை ஒழுகும். கைக்கு வாற எதுக்கும் முதல் உறை, பிறகுதான் வாசிப்பு எண்டு சொல்லுவா.”

“தங்கச்சி, கீழ என்ர ஓட்டோ நிக்குது,” என்றேன். “சீற் எல்லாம் கிழிஞ்சு கிடக்கு. ஒரு உறை போட்டுத் தந்தால் நன்மை கிடைக்கும்.”

“போட்டுத் தாறன் பாஹிம் நானா, முதல்ல அட்டை கிடைக்கட்டும்,” என்றாள். அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள்.

வளாக வாசலில் சுவரொட்டிகளின் பசை இன்னும் காயவில்லை. ‘எங்கள் புத்தகம் எங்கே?’ என்று ஒன்று கேட்டது. ‘புத்தகக் கள்ளியை வெளியேற்று’ என்று பக்கத்தில் இன்னொன்று தானே பதிலும் சொல்லிவிட்டது. றிஸ்பா அதைப் பார்க்காமல் நடந்தாள்.

பசை வாளியோடு நின்ற பையன்தான் தலைவர். பெயர் விதுசன், அவனும் இரண்டாம் வருடம். தாடி வளர ஆரம்பித்த நாளிலிருந்து யாரையாவது எதிர்த்துக்கொண்டிருக்கிற ரகம். அவனைச் சுற்றி மரநிழலில் ஏழெட்டுப் பேர். அவன் றிஸ்பாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா அவனிடம் போனார். “தம்பி, அந்தப் புத்தகம் இல்லாமல் சரியான கஷ்டமோ?”

“என்ன அன்ரி கேக்கிறியள். ஒரு முழு வருசப் பிள்ளையளின்ர எதிர்காலம். அதுதான் எங்கட உயிர்.”

அன்ரி என்ற சொல்லுக்கு அக்காவின் இடது புருவம் கொஞ்சம் ஏறியது. அதற்காக ஆட்களை அவர் பிறகு தனியாகக் கவனிப்பார்.

“அதில என்ன இருக்கு?”

“எதில அன்ரி?”

“புத்தகத்தில.”

விதுசன் கூட்டாளிகளைப் பார்த்தான். கூட்டாளிகள் வாளியைப் பார்த்தார்கள். “எல்லாம் இருக்கு,” என்றான்.

“நீங்கள் வாசிச்சிருக்கிறியளோ?”

“வாசிக்க விட்டால்தானே. அதுக்கு முதல் களவெடுத்திட்டினம்.”

“முதலாம் வருசம் முழுக்க அது நூலகத்திலதானே இருந்தது?”

“அப்ப வேற பிரச்சினை அன்ரி. கன்ரீனில ரோல்ஸ் சின்னனாப் போட்டுது. அதுக்காக நிண்டனாங்கள்.”

“ரோல்ஸ் பெரிசா வந்ததோ தம்பி?” என்று நான் அக்கறையாகக் கேட்டேன். அவன் பசையைக் கிளறினான். போராட்டம் தொடர்கிறது என்று விளங்கிக்கொண்டேன்.

நூலகர் செல்வராசா எங்களைத் தன் அறையில் இருத்தினார். சுவர் முழுக்க அறிவித்தல்கள். அமைதி பேணவும். மின்சாரத்தைச் சேமிக்கவும். சொந்தப் பொருட்களுக்கு நூலகம் பொறுப்பல்ல. புத்தகங்களை வாசிக்கவும் என்று மட்டும் எங்கும் காணவில்லை.

“தேடிப் பார்த்தனீங்களோ சேர்?” என்றார் அக்கா.

“புத்தக இராக்கை இராக்கையாத் தேடினது மிஸ். பச்சை அட்டை, செங்கல் மாதிரிக் கனம், ஆருக்கும் கண்ணில படாமல் போகாது. இந்தப் பிள்ளையின்ர அறையையும் பார்த்தாச்சு. இரவல் இடாப்பில கடைசியா நிக்கிறது இவ. விதி விதிதான்.”

“அண்டைக்குக் கவுண்டரில ஆள் இல்லாமல் இருந்தது என்ன விதி?” என்று நான் கேட்டேன்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினார். “போன மாதம் ஒரு கருத்துக்கணிப்புச் செய்தனாங்கள். பாருங்கோ. நூற்றுக்குத் தொண்ணூறு மாணவர் நூலகத்தில மிகவும் திருப்தி.”

“எதில திருப்தி சேர்?”

“பொதுவாத் திருப்தி.”

“கடைசியா எடுத்த புத்தகம் எது எண்டு கேட்டனீங்களோ?”

“கேட்டது. அந்தக் கேள்விக்கு ஆரும் விடை எழுதேல்லை. அதால அதைக் கணிப்பில சேர்க்கேல்லை.”

அக்கா தாளை மிகவும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். மரியாதை கூடும்போதுதான் அக்காவுக்குக் கோபம் என்று அர்த்தம். றிஸ்பாவைக் கவுண்டர்ப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் வாசிப்பு மண்டபத்துக்குள் போனோம்.

அங்கே பொருட்கள் படித்துக்கொண்டிருந்தன. ஒரு கதிரைக்கு முன்னால் குடை. அடுத்ததில் தண்ணீர்ப் போத்தல். அதற்கடுத்ததில் சாப்பாட்டுப் பெட்டி. ஓர் இடத்தில் ஒற்றைச் செருப்பு, மிகுந்த கவனத்தோடு மேசைமேல். பிள்ளைகள் எல்லோரும் வெளியே மரத்தடியிலும் கன்ரீனிலும் இருக்க, அவர்களுடைய சாமான்கள் உள்ளே சோதினைக்குத் தயாராகிக்கொண்டிருந்தன. உண்மையான ஆட்கள் என்று ஒரு ஆறேழு பேர் இருந்தார்கள். அதில் இருவர் நித்திரை.

நாலு விசிறியில் ஒன்றுதான் சுழன்றது. சிக்கனம். அது மற்ற மூன்றின் வேலையையும் சேர்த்துச் செய்கிறமாதிரிப் பேய்க்காற்று அடித்தது. அதற்கு நேர் கீழே ஒரு கதிரை, முன்னால் மேசையில் உறை போட்ட ஏதோ ஒன்று. வெயிலில் வந்த களைப்புக்கு நான் நேரே போய் அந்தக் கதிரையை இழுத்தேன்.

“அண்ணை, அதில ஆள் இருக்கு,” என்றது ஒரு பெண்குரல்.

“எங்க ஆள்?”

அந்தப் பெண் மேசையைக் காட்டினாள். நான் கையை நீட்டினேன், அதை ஓரமாக வைக்கலாம் என்று. மண்டபத்திலிருந்த அத்தனை தலையும் நிமிர்ந்தது. நித்திரை கொண்ட இருவரும்கூட. நான் பாம்புப் புற்றுக்குள் கை விட்டமாதிரி எடுத்துக்கொண்டேன்.

“தொடப்படாது,” என்றாள் அவள் மெதுவாக. “போன வருசம் ஒருத்தர் வேற வகுப்புப் பெடியன்ர குடையை எடுத்து நிலத்தில வைச்சிட்டார். ரெண்டு பேருக்கு மண்டை உடைஞ்சது. அதுக்குப் பிறகு பழனியாண்டி அண்ணையும் துடைக்கேக்க சுத்தித்தான் துடைக்கிறவர். மேசையில இருந்தால் ஆள் இருக்கு எண்டு அர்த்தம்.”

யுத்த நிறுத்த ஒப்பந்தத்தை மேற்பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து வெள்ளை வாகனத்தில் திரிந்த காலம் அது. ஒருவரும் மேற்பார்க்காமல் முழு வளாகமும் கடைப்பிடித்த சட்டம் இதுதான். அவர்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கலாம்.

“இதில இருக்கிறது ஆர்?” என்றார் அக்கா.

“தெரியாது அன்ரி.”

“இண்டைக்கு வந்தவரோ?”

“நான் காணேல்லை. ஆனா ஆள் இருக்கு.”

அந்த நேரம் பார்த்து ஒரு பையன் அடுத்த மேசையில் இடம் பிடிக்க ஒரு கொப்பியை வைத்துவிட்டுத் திரும்பினான். விசிறிக் காற்று அதைத் தூக்கி நிலத்தில் போட்டது. அவன் திரும்பி வந்து பொறுக்கி வைத்தான், அது திரும்பவும் பறந்தது. பிறகு வெளியே போய் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிம்மதியாகப் போனான்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னை ஓரமாக இழுத்தார்.

“பாஹிம், இந்த வளாகத்தில ஒரு இங்கிலீசுப் புள்ளிவிபரப் புத்தகத்தை ஆரும் என்னத்துக்குக் களவெடுப்பினம்?”

“வாசிக்க.”

“நீர் இஞ்ச ஆரும் வாசிக்கக் கண்டனீரோ?”

நான் செருப்பையும் குடையையும் ஒருமுறை பார்த்தேன். “இல்லை.”

“அதுதான். எல்லாரும் வாசிக்கிற ஆளைத் தேடிக்கொண்டிருக்கினம், அதால கிடைக்கேல்லை. இப்ப எடுத்தவர் தானா வருவார். விசிறியை மட்டும் நிப்பாட்டோணும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காத நேரத்தில் தலையாட்டுவது உதவியாளனின் முதற்கடமை.

விசிறியை மாற்றிப் போடக் கேட்டபோது, செல்வராசா மின்சாரச் சிக்கனச் சுற்றறிக்கையைச் சொன்னார். ஒரு விசிறிதான் அனுமதி. “ஒண்டை நிப்பாட்டி, அந்த மூலையில இன்னொண்டைப் போடுங்கோ சேர், கணக்கு ஒண்டுதானே,” என்றார் அக்கா. அவருக்கு அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை, அது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. விசிறி ஆளியில் வேறு எவரும் கை வைக்கக்கூடாது என்பதால் தானே வந்து அமத்தினார்.

பெரிய விசிறி முனகி நின்றது. தூர மூலையில் ஒன்று தூசியை உதறிக்கொண்டு எழும்பியது. உள்ளே இருந்த ஒருவன் ஜன்னலால் எட்டி, “காத்து மாறிட்டுது,” என்று ஒரு சொல் சொன்னான். அவ்வளவுதான். கிளிநொச்சி பஸ் வந்து நின்றதுபோலக் கூட்டம் கதவால் உள்ளே வந்தது. அத்தனை பேரையும் அந்த நூலகம் திறப்பு விழாவுக்குப் பிறகு கண்டிருக்காது. குடைகள் ஓடின. போத்தல்கள் ஓடின. செருப்புக்காரன் மற்றக் காலில் நொண்டிக்கொண்டு போனான்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மேசையைத்தான். அதற்கு இன்னும் ஆள் வரவில்லை. வராவிட்டால் திங்கட்கிழமை றிஸ்பா வீட்டில்தான்.

கடைசியில் ஒருவன் வேர்த்து விறுவிறுத்து வந்தான். கையெல்லாம் பசை. நேரே அந்த மேசைக்குப் போனான், உறை போட்ட அந்தச் சாமானைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தான், மூலைக்கு நடந்தான், புது விசிறிக்குக் கீழே பொத்தென்று போட்டான். போட்டுவிட்டு, பாரம் இறக்கிய மனிதனாகத் திரும்பிப் போக வெளிக்கிட்டான்.

விதுசன்.

“தம்பி,” என்றார் அக்கா. “அந்தக் கதிரை உங்கடயோ?”

“ஓம் அன்ரி. ஆள் இருக்கு.”

“அந்தப் புத்தகம்?”

“அதுவும் என்ரதான்.”

“என்ன புத்தகம்?”

“அது... பாடப் புத்தகம்.”

“எந்தப் பாடம்?”

விதுசன் மேசையைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அந்தக் கேள்வி அப்போதுதான் தோன்றியது என்பது முகத்தில் தெரிந்தது. மண்டபம் காற்றைக்கூட மறந்து பார்த்தது.

“திறந்து பாருங்கோவன்,” என்றார் அக்கா. “உங்கடதானே. நீங்கள் தொடலாம்.”

அவன் திறந்தான். முதல் பக்கத்தில் நூலகத்தின் முத்திரை ஊதாக் கலரில் வட்டமாகச் சிரித்தது. அக்கா உறையின் மடிப்பை மெல்ல விரித்தார். உள்ளே பச்சை அட்டை. உறையின் மறுபக்கத்தில் புத்தளத்துப் புடவைக்கடை ஒன்றின் விளம்பரமும் அதற்குக் கீழே சஹர், இப்தார் நேரங்களும்.

“உங்கட வீட்டுக் கலண்டரோ தம்பி?” என்று நான் கேட்டேன். “நோன்பு பிடிக்கிறனீங்கள் எண்டு தெரியாமல் போச்சு. போன நோன்புக்கே கஞ்சி கொண்டு வந்திருப்பன்.”

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு முழு மண்டபமும் சிரித்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைக் கேட்டிருக்கிறோம், இவன் நெய்க்காக ஊர் முழுக்கச் சுவரொட்டியும் ஒட்டியிருக்கிறான்.

“நான் வேணுமெண்டு எடுக்கேல்லை,” என்றான் விதுசன். குரல் இறங்கிப்போயிருந்தது. “அண்டைக்குக் காலமை கவுண்டரில கிடந்தது. ஆரோ விட்டிட்டுப் போன பழைய புத்தகம் எண்டு நினைச்சன். விசிறிக்குக் கீழ கொப்பி நிக்காது, பறக்கும். பாரமா ஒண்டு தேவைப்பட்டுது.”

“மூண்டு கிழமையில ஒருக்காத் திறந்து பார்க்கேல்லையோ?”

“இடம் பிடிக்கிறதுக்குத்தானே வைச்சனான் அன்ரி,” என்றான். பொய் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறக்கலாம் என்பது உண்மையிலேயே அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

“நாங்கள் முதலே எடுத்திருக்கலாமே அக்கா?” என்று நான் காதில் கேட்டேன்.

“எடுத்திருந்தால், அந்தப் பிள்ளைதான் பயத்தில கொண்டுவந்து வைச்சிட்டுது எண்டுவினம். வைச்ச கைதான் எடுக்கோணும்.”

செல்வராசா வந்து புத்தகத்தைப் புரட்டினார், முத்திரையைத் தடவினார், தொண்டையைச் செருமினார். “ஆகவே, புத்தகம் நூலகத்தை விட்டு வெளியே போகேல்லை. எங்கட பாதுகாப்பு ஏற்பாடு சரியாத்தான் வேலை செய்திருக்கு.”

“மிகவும் திருப்தி சேர்,” என்றேன்.

அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அட்டை கையெழுத்தோடு வரும்வரை அந்தக் கை இறங்கவில்லை. வந்ததை வாங்கி, கவுண்டர்ப் பக்கத்திலிருந்து எழுந்து வந்த றிஸ்பாவிடம் கொடுத்தார். அவள் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கொப்பிக்குள் வைத்தாள்.

விதுசன் நூலகரிடம் மன்னிப்புக் கேட்டான். பழனியாண்டியிடம் கேட்டான். என்னிடம்கூடக் கேட்டான். கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தான், பழனியாண்டி மேசை துடைக்கிறமாதிரி.

றிஸ்பாவே அவனுக்கு முன்னால் போனாள். “என்ர பேர் போடாமல்தான் ஒட்டினீங்க. ஆனா எல்லாருக்கும் ஆளைத் தெரியும்.”

“சொறி. எனக்குத் தெரியாது...”

“வெளியேற்று எண்டு எழுதினீங்க. அந்தச் சொல் எங்கட வீட்டுக்குப் புதிசில்லை. முல்லைத்தீவில எனக்கு நாலு வயசில, முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொல்லேக்க ஒருக்காக் கேட்டது. அதுக்குப் பிறகு புத்தளத்திலதான் எழுதப் படிச்சனான்.” வாசல் பக்கம் கையைக் காட்டினாள். “ஒட்டின கையாலேயே உரிச்சு எடுங்க. சோதினைக்கு வரேக்க அது சுவரில இருக்கப்படாது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு வாளியோடு வெளியே போனான். எனக்கு அவன்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

புத்தகம் கவுண்டர் மேசையில் கிடந்தது. திங்கட்கிழமை சோதினை, வளாகத்துக்கே ஒன்று, ஒரு முழு வருடத்தின் உயிர். நான் ஓரமாக நின்று பார்த்தேன், யார் முதலில் பாய்ந்து எடுக்கிறார்கள் என்று. ஒருவரும் எடுக்கவில்லை. எல்லோரும் மூலை விசிறிக்குக் கீழே யார் முதல் வந்தது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் தாங்காமல் செல்வராசா அந்த விசிறியை நிறுத்தி, பழையதைத் திரும்பப் போட்டார். சுற்றறிக்கைப்படி ஒன்றுதானே.

கூட்டம் திரும்பி ஓடியது. குடை, போத்தல், கல், செருப்பு எல்லாம் வந்த வழியே போயின. விசிறிக்கு நேர் கீழே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் நின்றார்கள்.

அந்தக் கதிரையில் றிஸ்பா இருந்தாள். உறையை மறுபடி மடித்துப் போட்டு, புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். தாள்கள் காற்றில் எழும்ப, ஒரு கையால் அமத்திக்கொண்டு மறுகையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

குடைக்காரன் தொண்டையைச் செருமினான். “தங்கச்சி, உது ஆள் இருக்கிற கதிரை.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டினாள்.

“ஓம்,” என்றாள். “ஆள் இருக்கு.”